மாரப்பன் அலை

சங்கு ஊதுகிறது. ஊதினால் ஆற்றைவிட்டு ஓட வேண்டும், துவைக்கிறவள் துணியைப் போட்டுவிட்டு, மாடு கழுவுகிறவன் மாட்டை இழுத்துக்கொண்டு, கரையேறி ஓட வேண்டும், அதற்காகத்தான் அந்த அணைச் சங்கை வாங்கினோம், உதைபட்டு வாங்கினோம், இவர்கள் என்னடாவென்றால் சங்கு ஊதியதும் கைதட்டிக்கொண்டு ஆற்றுக்குள் ஓடுகிறார்கள். தோளில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் படகு, மஞ்சள், பச்சை, ஆரஞ்சு. கயாக் என்று பெயர். இடுப்பு வரை உள்ளே நுழைத்து உட்கார்ந்து, தண்ணீர் புகாமல் ரப்பர் பாவாடை ஒன்றை இடுப்பைச் சுற்றி மாட்டிக்கொண்டால் ஆளும் படகும் ஒரே உடம்பு, கவிழ்ந்தால் ஆளும் சேர்ந்து தலைகீழ். சிவப்புப் படகு என் மகளுடையது. சிவப்பை அவள் எனக்காக எடுத்தாளா, கடையில் அதுதான் மிச்சமிருந்ததா, கேட்கவில்லை. பெயர் வெண்மணி. நான் வைத்த பெயர். கூலி கேட்டவர்களைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய ஊரின் பெயர், கூப்பிடுகிறவன் நாக்கு ஒவ்வொரு தடவையும் சுட வேண்டும் என்று வைத்தேன், இவர்கள் வெனி என்கிறார்கள். வெனி, சூப்பர். வெனி, நீ முதல்ல போ. தீயை அணைத்துவிட்டுக் கரியைக் கூப்பிடுகிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். "அப்பா, அந்தப் பாறையிலயே உக்காந்துக்குங்க, கீழ எறங்காதீங்க, வழுக்கும்." எனக்குச் சொல்கிறாள். இந்தக் கடவில் பரிசல் கட்டியிருந்த காலத்தில் இருட்டில் இறங்கி நோட்டீஸ் கட்டுகளை அக்கரை சேர்த்தவனுக்குச் சொல்கிறாள். செருப்பைக் கீழ்ப்படிக் கல்லில் கழற்றிவிட்டு, மூங்கில் தடியை ஊன்றி, மேல்பாறையில் உட்கார்ந்திருக்கிறேன். இடது கை மடியில் கிடக்கிறது. அது எப்போதும் மடியில்தான் கிடக்கும்.

தண்ணீர் இன்னும் வரவில்லை. அணை வளைவுக்கு அப்பால் இருக்கிறது, சுவர் இங்கிருந்து தெரியாது, சங்குச் சத்தம் மட்டும் மலையில் மோதித் திரும்புகிறது. சங்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அந்த நேரத்தையும் நாங்கள்தான் வாங்கினோம். கால்வாய் பாசனத்துக்கு நாலு ஷட்டர் திறப்பார்கள், காலையில் திறந்து மாலையில் மூடுவார்கள், மூடினால் ஆறு செத்துவிடும், குட்டையும் பாறையும் பாசி நாற்றமும்தான் மிச்சம். கோடையில் அந்தச் செத்த ஆற்றில்தான் இவர்கள் அலை தேடினார்கள். நானும் கூட நடந்தேன், நடந்ததுக்குக் காரணம் ஆசை இல்லை, இந்தப் பிள்ளை என்ன கூத்தடிக்கிறாள் என்று பார்க்க. உலர்ந்த பாறைகளுக்கு நடுவில் மண்டியிட்டு, கன்னத்தைக் கல்லில் வைத்து, சரிவு எந்தப் பக்கம், சரிவு முடிகிற இடத்தில் பள்ளம் எவ்வளவு, தண்ணீர் இங்கே வழுக்கி இறங்கினால் எங்கே எகிறும் என்று பார்க்கிறாள். காணாத தண்ணீரைப் பார்க்கிறாள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது உண்மை, இல்லாத ஒன்றை இருக்கிறதாகப் பார்த்து அதற்காக அலைகிற புத்தி எங்கிருந்து வந்தது, அவள் அம்மாவிடமிருந்து வரவில்லை. அம்மா இருந்தவரை என்னிடம் கேட்டது ஒன்றுதான், அரிசி வந்துச்சா. அந்த நெட்டைப் பையன் நிகில், பெங்களூர்க்காரன், இவர்களுக்கெல்லாம் வாத்தியார் மாதிரி, "அங்கிள், கடல்ல அலை நகரும், தண்ணி அங்கயே இருக்கும். இங்க உல்ட்டா. தண்ணி ஓடும், அலை அதே எடத்துல நிக்கும். நாங்க அதும் முதுகுல ஏறி ஆத்துக்கு எதிரா மொகத்த வச்சு நிப்போம்" என்றான். அவன் தமிழ் பரவாயில்லை. எல்லாம் ஓடுகிறபோது ஓடாமல் நிற்கிற ஒன்று. எனக்குத் தெரியும் தம்பி, அதன் மேல் எத்தனை அடி விழும் என்றும் தெரியும் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். இவர்களிடம் போய் என்ன பேசுவது. இவர்களுக்கு வரலாறு செல்போனில் தேய்த்தால் வரும்.

அலை கிடைத்த இடம் எது என்று பார்த்தால், அங்கேதான். ஆற்றின் நடுவில் யானை படுத்த மாதிரி ஒரு பாறை, மேல்பக்கம் வழவழவென்று சரிவு, கீழ்ப்பக்கம் வெட்டினாற்போலப் பள்ளம். ரெண்டு ஷட்டரில் பாறை தலையை நீட்டிக்கொண்டிருக்கும். நாலில் அலை எழுந்து நிற்கும், ஆள் உயரம், கண்ணாடி மாதிரி பச்சை, உச்சியில் மட்டும் நுரை. "அதுக்கு மேல தெறந்தா அலை செத்துருமுங்கப்பா. குழியாயிரும். மேல வர்ற தண்ணி திரும்பி உள்ளயே உழும். ஆளு மாட்டுனா சுத்திக்கிட்டே கெடக்கணும். விடாது." எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இங்கதான் மாரப்பன் கெடந்தான்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவளுக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து சோற்றோடு சேர்த்து ஊட்டிய கதை, ஆனால் இடம் தெரியாது. அடுத்த வாரம் பார்த்தால் அந்த அலைக்கு அதுதான் பெயர். செல்போன் வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள், மாரப்பன். "மாரப்பன் இன்னைக்கு செம மூடுல இருக்காரு." "டேய், மாரப்பன் என்னைத் தூக்கிப் போட்டுட்டாருடா." மைசூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி மேரப்பன் என்கிறாள். எனக்கு ரத்தம் கொதித்தது, தடியை ஓங்கிவிட்டேன், ஓங்கினது அவள் மேல் இல்லை, அங்கே நின்ற கார் மேல். "என்றா பேரு அது? அவன் என்ன ஊஞ்சலா, உங்களுக்கு ஆடறதுக்கு?" வெண்மணி கத்தவில்லை. அதுதான் எரிச்சல், அவள் கத்த மாட்டாள். "பேரு போயிரக் கூடாதுன்னு நீங்கதானப்பா சொன்னீங்க. உங்க கட்சியில இப்ப எத்தன பேருக்கு அவரு பேரு தெரியும்? எங்கள்ல அத்தன பேருக்கும் தெரியும்." நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன், முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன்.

மாரப்பன் பரிசல்காரன், எங்கள் கட்சிக் கிளையின் செயலாளர், எழுதப் படிக்கத் துண்டறிக்கையில் கற்றவன், என்னைப் போலவே. முதல் எழுத்து அ இல்லை எங்களுக்கு, உ, உழைக்கும் மக்களே. அன்றைக்குப் பகல், காலையில் இருந்த தண்ணீர் வடிந்து ஆறு கணுக்கால் ஆழம், அக்கரைத் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போகிற பெண்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்புகிறான், பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறை பாறையாக வருகிறான், தலையில் பரிசல் கவிழ்ந்திருந்தால் காதும் கேட்காது கண்ணும் தெரியாது. மேலே எவனோ ஒருவன் எவனிடமோ கேட்டுக்கொண்டு ஷட்டரைத் தூக்கிவிட்டான். ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் சுவர் மாதிரி வந்தது என்றார்கள், நான் பார்க்கவில்லை, நான் பார்த்தது பிறகு. அந்தப் பள்ளத்தில் அவன் சுற்றியதைப் பார்த்தேன். கால் வரும், மறையும். முதுகு வரும், மறையும். கை ஒன்று வெளியே வந்து வானத்தைப் பார்த்து விரிந்து, கூப்பிடுகிற மாதிரி, மறுபடி உள்ளே போகும். அப்போது முறைத் தண்ணீரை ராத்திரியிலும் மூட மாட்டார்கள், மூன்று நாள். அவன் பெண்டாட்டி கரையில் உட்கார்ந்து அந்தக் கையை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் தண்ணீரை நிறுத்துங்கள், பிணத்தை எடுத்துக்கொள்கிறோம் என்று போய்க் கேட்டோம். முறை வைத்த தண்ணீரை நிறுத்த மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றான் அணை அதிகாரி. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டு சொன்னான். அந்த டம்ளரைப் பிடுங்கி அவன் நெற்றியில் அடித்தது நான்தான். கோர்ட்டில் இல்லை என்றேன், இங்கே சொல்கிறேன், நான்தான், இன்றைக்கும் அந்தச் சத்தம் என் காதுக்கு இனிக்கிறது. அப்புறம் ஜன்னல், நாற்காலி, அப்புறம் வெளியே அணை ரோட்டில் லாரி லாரியாகப் போலீஸ்காரர்கள் வந்து இறங்கினார்கள். தலையில் அடித்தால் சத்தம் தேங்காய் மாதிரி, முழங்காலில் அடித்தால் விறகு மாதிரி. எங்கள் தோழன் சடையன் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான், விரலுக்கு நடுவில் பல் விழுகிறது. ஒருத்தி மடியில் இருந்த வேர்க்கடலை ரோடெல்லாம் சிதறி, அதன் மேல் பூட்ஸ். பிடித்தவர்களை மதகுச் சுவரோரம் வரிசையாக நிறுத்தி, கையைத் தூக்குங்கடா என்றார்கள். ரெண்டு கையும். எல்லோரும் தூக்கினார்கள். நான் குறை சொல்லவில்லை, தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. தூக்குடா. தூக்க மாட்டேன். தூக்குடா நாயே. ஒரு கையைத் தூக்கினேன், வலது கை, முஷ்டியை மடக்கி, கோஷத்துக்குத் தூக்குகிற மாதிரி. இன்னொரு கையை ஏண்டா வச்சிருக்கே என்று சொல்லி ஒருவன் இடது தோளில் லத்தியை இறக்கினான். ஒரே இடத்தில். கல் உடைக்கிறவன் ஒரே இடத்தில் அடிப்பான், அந்த மாதிரி, பொறுமையாக.

அந்தக் கை காதுக்கு மேல் போனதே இல்லை, அன்றிலிருந்து. வெண்மணி பிசியோதெரபி படித்தாள், கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், ஊர்ப்பட்ட தோள்களையெல்லாம் தூக்கிவிடுகிறாள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்னையும் சுவர் ஓரம் நிறுத்துவாள். "வெரல செவுத்துல வச்சு, எறும்பு ஏறற மாதிரி மேல நடத்துங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்." மார்பு வரை ஏறும். அதற்கு மேல் கத்தி. "போதும் போ அம்மிணி." "வலிக்கறதால விடறீங்களா, புடிக்கலீன்னு விடறீங்களா?" கெட்டிக்காரி. சுவரைப் பார்த்து நிற்கும்போது எனக்கு மதகுச் சுவர்தான் தெரிகிறது, பின்னால் பூட்ஸ் சத்தம்தான் கேட்கிறது, எப்படித் தூக்குவேன். தூக்காத கை என் சொத்து. கட்சியில் இருந்தவன் ஒருவன் இப்போது மனை விற்கிறான், ஒருவன் ஆற்றோரத்தில் ரிசார்ட் கட்டி வாசலில் பரிசலைக் கவிழ்த்து அலங்காரமாக வைத்திருக்கிறான், ஒருவன் மாலை போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறான், எல்லோருக்கும் ரெண்டு கையும் தாராளமாக மேலே போகிறது. எனக்குச் சிலை வேண்டாம், கல்வெட்டு வேண்டாம், இந்தக் கை இருக்கிறது, அந்தச் சங்கு இருக்கிறது. போராட்டம் முடிந்து போட்ட ஒப்பந்தத்தில் அந்த வரியை ஜெயிலில் உட்கார்ந்து நான்தான் எழுதிக் கொடுத்தேன், முதல் திறப்புக்கு முன்னால் மூன்று முறை, அதன் பிறகு கூட்டுகிற ஒவ்வொரு ஷட்டருக்கும் முன்னால் ஒரு முறை சங்கு ஊத வேண்டும். சங்குக்கு மாலை போட்டுத் திறந்து வைத்தபோது நான் உள்ளே இருந்தேன். கம்பிக்கு அப்பால் காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தபோது கேட்டது. அழுதேன் என்று யாரும் எழுத வேண்டாம்.

வந்துவிட்டது. முதலில் சத்தம், சருகைக் கூட்டித் தள்ளுகிற மாதிரி, அப்புறம் பழுப்பு நாக்கு ஒன்று பாறைகளுக்கு நடுவில் நீண்டு, குட்டையைக் குட்டையோடு கோத்து, கண் மூடித் திறப்பதற்குள் செத்த ஆறு எழுந்து உட்கார்ந்து, எழுந்து நின்று, உறுமுகிறது. யானைப் பாறை மறைகிறது. அதற்குக் கீழே தண்ணீர் முதுகை வளைத்து, மடங்கி, எகிறி, அங்கேயே நின்றுவிடுகிறது. மாரப்பன். எழுந்துவிட்டான். இவர்கள் விசில் அடிக்கிறார்கள். ஒவ்வொருவராக ஓரத்துத் தேக்கத்திலிருந்து பாய்ந்து அலையின் முகத்தில் ஏறுகிறார்கள், மஞ்சள் படகு ஏறின வேகத்தில் மூக்கு குத்தி நட்டுக்குத்தலாக நின்று கவிழ்கிறது, பச்சை ஏறி இரண்டு மூச்சு நின்று சறுக்கிப் போகிறது. ஆறு ஆளை அடிக்கிறது, நன்றாக அடிக்கிறது, முகத்தில் அறைந்து, தலையை அமுக்கி, கல்லில் தேய்த்துத் துப்புகிறது, துப்பினவர்கள் கீழே கரையேறி இருமிக்கொண்டே சிரிக்கிறார்கள். அடி வாங்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். அடிப்பவனுக்குப் பூட்ஸ் இல்லையென்றால் சிரிக்கலாம் போலிருக்கிறது. போன வாரம் நான் நிகிலிடம் கேட்டேன், மேலே வளைவில் ஒரு ஆளை நிறுத்த வேண்டாமா, திடீரென்று கூட்டினால்? "சங்கு ஊதுமே அங்கிள். வெனி சொல்லியிருக்கா. அது நீங்க வாங்கிக் குடுத்ததாமே." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினான், செயலற்ற இந்தக் கையை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். நிமிர்த்தினேன்தான். சங்கை நம்புகிறார்கள் என்றால் என்னை நம்புகிறார்கள் என்றுதானே.

இப்போது அவள். சிவப்புப் படகு தேக்கத்தின் விளிம்பில் நடுங்குகிறது, துடுப்பை ஒரு பக்கம் ஆழமாகப் போட்டு இழுக்கிறாள், ஆறு அவளைக் கவ்வி வீசுகிறது, போச்சு, இல்லை, ஏறிவிட்டாள். அலையின் முகத்தில் அமர்ந்துவிட்டாள். ஆறு முழுவதும் அவளை நோக்கிப் பாய்ந்து வருகிறது, அவள் அணையைப் பார்த்து முகத்தை வைத்து அங்கேயே நிற்கிறாள். இடது பக்கம் சாய்கிறாள், வலது பக்கம் சாய்கிறாள், அலை அவளுக்குக் கீழே உறுமுகிறது, தள்ளப் பார்க்கிறது, போக மாட்டேன் என்கிறாள். இதைப் பார்க்க மாரப்பன் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், உடனே மாரப்பன் மேல்தான் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன், கை வருகிறது, மறைகிறது, முதுகு வருகிறது, மறைகிறது, ச்சீ, நினைக்காதே. மற்றவர்கள் அக்கரையில் பாறை மேல் ஏறிச் செல்போனில் படம் பிடிக்கிறார்கள், எல்லோருக்கும் முதுகு மேற்கே. மேற்கே மலை கறுத்துக் கிடக்கிறது. விடியற்காலையிலேயே கறுத்துத்தான் கிடந்தது, மேல்மலையில் மழை, அணையில் தண்ணீர் ஏறும், ஏறினால் கூட்டுவார்கள், கூட்டினால் ஊதுவார்கள். ஊதுவார்கள். அவள் போன ஞாயிறு என்னை இந்தப் பாறையில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள், ஆற்றுச் சத்தத்தில் எவன் பேச்சும் எவனுக்கும் கேட்காது, அதனால் சைகை. "துடுப்ப நட்டுக்க நிறுத்திக் காட்டுனா, எல்லாம் சரி, வரலாம். ரெண்டு கையாலயும் தலைக்கு மேல படுக்க வச்சுப் புடிச்சா, நில்லு, வெளிய வந்துரு. உங்க தடியே போதும்." "ரெண்டு கையையும் தூக்கறதுக்குப் பேரு சைகையா? சரண்டர்." "ஆத்துக்கிட்டத்தானுங்கப்பா." "எவங்கிட்டயும் இல்ல." சிரித்தாள். வலது கன்னத்தில் மட்டும் குழி விழும்.

செருப்பு. கீழ்ப்படிக் கல்லில் ஒரு செருப்புதான் இருக்கிறது. நாய் எதுவும் வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இன்னொன்றும் மெல்ல எழும்பி, யோசித்து, திரும்பி, போகிறது. கல்லைக் காணோம். கல் இருந்த இடத்தில் தண்ணீர், தண்ணீரில் நுரைக் கோடு, பிளாஸ்டிக் பாட்டில், வேரோடு ஆகாயத்தாமரை, கரையில் மாதக்கணக்கில் ஒதுங்கிக் கிடந்த குப்பை, அதெல்லாம் கிளம்பி வருகிறதென்றால், ஊதவில்லையே. ஊதவில்லை. காதில்தான் விழவில்லையா, இல்லை, எனக்கு அந்தச் சத்தம் தூக்கத்தில் கேட்கும், ஊதவில்லை. கூட்டிவிட்டான். ஒரு வார்த்தை இல்லாமல் கூட்டிவிட்டான். டம்ளரைப் பிடுங்கி நெற்றியில், அப்புறம், அப்புறம், முதலில் அவள். எழுந்துவிட்டேன். வெண்மணி. வெண்மணீ. மைக் இல்லாமல் சந்தைப்பேட்டைக் கடைசிக் கடை வரை போன தொண்டை, தொண்டையிலிருந்து வந்தது எனக்கே கேட்கவில்லை, ஆறு அதை வாயிலேயே பிடுங்கித் தின்கிறது. அவள் நிற்கிறாள். அலை வளர்கிறது, உச்சி நுரை தடிக்கிறது, திரும்பி உள்ளே விழப் பார்க்கிறது, அவளுக்கு அது சந்தோஷம், பெரிய அலை, தலையை ஆட்டுகிறாள். தடி. தடியைத் தூக்கினேன். தூக்கினது எந்தக் கை, வலது, எப்படி, வாழ்நாளெல்லாம் தூக்கின மாதிரி, நேராக, வானத்துக்கு, முஷ்டியில் இறுக்கி. பார்த்துவிட்டாள். ஹெல்மெட் என் பக்கம் திரும்பியது. முகம் விரிந்தது. அட பாவி, நட்டுக்க நிறுத்தியிருக்கிறேன், எல்லாம் சரி என்கிறேன், என் மகளுக்கு நான் முதல் தடவையாக எல்லாம் சரி என்கிறேன், அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு இன்னும் ஆழமாகத் துடுப்பைப் போட்டு அலையின் குழிக்குள் இறங்குகிறாள்.

படுக்க வை. படுக்க வை கிழவா. ஒரு கையில் படுக்காது, ஒரு பக்கம் சரிகிறது, சரிந்தால் அந்தப் பக்கம் வா என்று அர்த்தமாகிவிடும், இன்னொரு கை வேண்டும். தூக்குடா. இடது கையால் தடியின் மறுமுனையைப் பிடித்தேன், மார்பு வரை வந்தது, சுவர், எறும்பு, இன்னும், இன்னும் கொஞ்சம், கத்தி. தூக்குடா நாயே. வலது கையால் தடியை மேலே இழுத்தேன், தடியோடு இடது கை வந்தது, மோவாய், வாய், மூக்கு, தோளுக்குள் ஏதோ பச்சை மட்டையைக் கிழிக்கிற மாதிரி கிழிந்தது, கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று வெடித்தது, மதகுச் சுவர் தெரிந்தது, வரிசையாக நின்றவர்களின் கைகள் தெரிந்தன, சடையன் கை, மாரப்பன் தம்பி கை, எல்லாம் மேலே, நான் மட்டும், நான் மட்டும், இந்தா, இந்தா எடுத்துக்கோ, ரெண்டையும் எடுத்துக்கோ, அவளைக் கொடு. படுத்தது. தலைக்கு மேல் தடி படுத்தது. நான் ஊளையிட்டேன். அவள் பார்த்தாள். தடியைப் பார்க்கவில்லை, தெரியும் எனக்கு, அந்தக் கையைத்தான் பார்த்தாள், தன் விரலால் தள்ளித் தள்ளியும் காதைத் தொடாத கை காதுக்கு மேலே நிற்பதைப் பார்த்தாள், சிரிப்பு அப்படியே அறுந்தது. யோசிக்கவில்லை. படகை ஒரு பக்கம் சாய்த்துத் தன்னைத் தூக்கி எறிந்தாள். அலை கடைசியாக ஒரு கை போட்டது. சிவப்பு கவிழ்ந்தது, அடிப்பாகம் வெளுப்பாகத் தெரிந்தது, பாறையில் இடித்தது, அந்தச் சத்தம், தேங்காய், இல்லை, விறகு, எது, போகிறது, தலைகீழாகப் போகிறது, ஹெல்மெட் கீழே கல்லில் தேய்கிறது, எழு, எழுடி, கிடந்தது போதும் எழு. துடுப்பு ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. உடம்பு சொடுக்கி நிமிர்ந்தது. நிமிர்ந்தாள். மூக்கிலிருந்து ரத்தம். மருத மரத்து வேரைப் பிடித்துக்கொண்டு கரையோடு அப்பிக் கிடந்தாள்.

அலை இருந்த இடத்தில் அலை இல்லை. வாய் இருந்தது. மேலிருந்து வருகிற தண்ணீரெல்லாம் உள்ளே மடங்கி உள்ளேயே விழுந்தது. அதில் என் செருப்பு ஒன்று சுற்றியது. வந்தது, மறைந்தது. வந்தது, உள்ளங்கால் பதிந்த பக்கம் வானத்தைப் பார்த்து விரிந்தது, மறைந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அதை விடவே இல்லை. அவள் பாறையேறி வந்து பக்கத்தில் நின்றதும் எனக்குத் தெரியவில்லை, உதடு கிழிந்து, ரப்பர் பாவாடை தொங்க, உடம்பெல்லாம் வெடவெடவென்று. அவளும் செருப்பைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். "ஊதுலயேப்பா" என்றாள். "ஊதுல." "கைய எறக்குங்க." எறக்கத்தான் பார்க்கிறேன். வலது கை இறங்கிவிட்டது, தடி கீழே விழுந்துவிட்டது, இடது கை அங்கேயே நிற்கிறது. இழுத்தால் நெஞ்சு வரை மின்சாரம். அவள் விரல்களால் தோளைச் சுற்றித் தொட்டுப் பார்த்தாள், ஆஸ்பத்திரி முகம் வந்துவிட்டது. "எலும்பு எடம் மாறி மாட்டிக்கிச்சு. அசைக்காதீங்க. நா எறக்க மாட்டேன், நரம்பு அறுந்துரும், டாக்டர்தான் போடணும். இப்பவே கார்ல போயிரலாம், வாங்க." "எத்தன நாளா செவுத்துல ஏத்தப் பாத்த? ஏறிருச்சு பாரு." "பேசாதீங்க." அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆற்றுத் தண்ணீரும் ரத்தமும் அதுவும் ஒன்றாக ஓடின, துடைக்கவில்லை. அக்கரையில் நிகிலும் மற்றவர்களும் செல்போனைக் கீழே விட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு சிலையாக நிற்கிறார்கள்.

அப்போது ஊதுகிறது. ஒரே ஒரு முறை, நீளமாக, என் சங்கு. தண்ணீர் வந்து, செருப்பைத் தின்று, கடவைத் தாண்டிப் போன பிறகு ஊதுகிறது. மலை அதை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. இத்தனை வருஷமாக அதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்தியவன் நான், இப்போது கேட்டுக்கொண்டு நிற்கிறேன், முடிகிற வரை. பிறகு திரும்புகிறேன். கார் நிற்கிற பக்கம் இல்லை, மேலே, அணை ரோட்டுப் பக்கம். "அப்பா, ஆஸ்பத்திரி இந்தப் பக்கம்." "ஆபீஸ் அந்தப் பக்கம்." "இந்தக் கைய வச்சுக்கிட்டா?" "இந்தக் கையத்தான் அவனுங்க பாக்கோணும்." அவள் குனிந்து என் தடியை எடுத்துக்கொள்கிறாள், இன்னொரு கையால் என் விலாவைத் தாங்கிக்கொள்கிறாள். வெறுங்கால். ஜல்லி குத்துகிறது. ஒவ்வோர் அடிக்கும் தோள் பல்லைக் கடிக்கிறது. மதகுச் சுவர் தெரிய ஆரம்பிக்கிறது, கேட் தெரிகிறது, வாட்ச்மேன் எழுந்து நின்று நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறான், இறங்காத கையோடு ஒரு கிழவன் வருவதைப் பார்க்கிறான், கோஷம் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று நினைத்திருப்பான், கேட்டை அவசரமாகச் சாத்துகிறான். நினைக்கட்டும். விரல்கள் மட்டும்தான் என் பேச்சைக் கேட்கின்றன. ஒவ்வொன்றாக மடக்கிக்கொள்கிறேன்.